இடப்பக்கச் சுவர்

கை தட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கூடவே பாடுகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவனிடம் "இது எந்த ஆல்பம்டா?" என்று கேட்கிற ஜென்மங்களை வரிசையாக நிறுத்தி என்ன செய்யலாம் என்று இருபது வருடமாக யோசித்து வைத்திருக்கிறேன். ராக் கச்சேரிக்குப் போய் நின்றுகொண்டு சத்தம் போடாதே என்றால் எப்படி என்பீர்கள். சத்தம் போடத்தான் மேடையில் நான்கு பேர் இருக்கிறார்களே. கீழே நிற்கிறவனுக்குக் கேட்பதைத் தவிர என்ன வேலை?

நான் கேட்கிறவன். கேட்டதைப் பதிவு செய்து வைக்கிறவன். எங்கள் குழுவின் நூற்றுப் பதின்மூன்று கச்சேரிகள் என் அலமாரியில் இருக்கின்றன, தேதிவாரியாக. எங்கள் குழு என்று சொல்வது பழக்கதோஷம். அவர்களுக்கு என்னைத் தெரியாது. ரசிகர்கள் நாங்களாக அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தோம். பாடுகிறவர் தொண்டை, கிதார்காரர் நகம், பேஸ் கிதார் வாசிப்பவர் தூண், டிரம்ஸ்காரர் இடி. அந்த நான்கு பேரும் ஒன்றாக முதல் சுரத்தை அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டில் ஒரு தள்ளு விழுமே, அதற்காக நான் வேலையை விட்டிருக்கிறேன், ஒரு கல்யாணத்தைத் தட்டிக் கழித்திருக்கிறேன், காய்ச்சலோடு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். வீட்டில் இசைத்தட்டு வைத்துக் கேட்டால் அந்தத் தள்ளு விழாது. அதனால்தான் பதிவு. ஸ்டுடியோவில் செய்த தட்டில் பாட்டு மட்டும்தான் இருக்கும். கச்சேரிப் பதிவில் அந்த அறையும் இருக்கும்.

என் முறை இதுதான். மூக்குக் கண்ணாடியின் இரண்டு காம்புகளிலும் மிளகு அளவில் ஒவ்வொரு மைக். ஒயர் சட்டைக் காலருக்குள் போய் உள்பையில் இருக்கும் பதிவுக் கருவியில் சேரும். மேடைக்கு நேர் நடுவில், சவுண்டு மேஜைக்கு ஏழு அடி முன்னால் நிற்பேன். அதன்பிறகு தலையைத் திருப்பக் கூடாது. என் காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மைக்கும். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன் என்றால் பதிவில் நான்கு பேரும் வலப்பக்கம் ஓடிவிடுவார்கள். தலையாட்டி ரசித்த பதிவுகள் ஊரில் நிறைய இருக்கின்றன. கேட்டால் கப்பலில் போகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று, சுவர்கள். பதிவு செய்கிறவனைச் சுற்றி வாய் திறக்காத ஆட்கள் இரண்டு மூன்று பேர் நிற்க வேண்டும், வாயாடிகள் பக்கத்தில் வந்துவிடாமல். எங்கள் வட்டத்தில் அவர்களுக்குச் சுவர் என்றே பெயர். சுவருக்கு விதிகள் உண்டு. கை இரண்டும் பாக்கெட்டில். தட்டக் கூடாது, பாடக் கூடாது, பேசக் கூடாது. உயிர் போகிற அவசரம் என்றால் என் முழங்கையை இரண்டு முறை தொட வேண்டும். உயிர் போகிற அவசரம் என்று நான்தான் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

வலப்பக்கத்துக்கு யாராவது கிடைப்பார்கள். இடப்பக்கத்துக்குப் பதினோரு வருடமாக ஒரே ஆள், என் அக்கா வீட்டுக்காரர்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கதவு அகலத்துக்குத் தோள். அவர் கேட்ட சங்கீதமெல்லாம் லிஃப்டுக்குள் போடுகிற சங்கீதம்தான். அவர் என்னோடு வந்ததற்குக் காரணம் அக்கா. அம்மா அப்பா போனபிறகு என்னை ஆளாக்கியவள் அவள். "தனியாப் போய் எங்கயாவது மிதிபடுவான், கூடப் போயிட்டு வாங்க" என்று ஒருமுறை சொன்னாள். அந்த மனிதர் அதை நிரந்தர உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டார். பதினோரு வருடத்தில் அவர் பக்கத்திலிருந்து ஒரு தும்மல்கூட என் பதிவில் ஏறியதில்லை. ஒரு தடவை தும்மலை விழுங்கிக் கண்ணெல்லாம் நீர் வழிய நின்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "என் மச்சினன் எனக்குச் சம்பளம் குடுக்காத வாட்ச்மேன் வேலை குடுத்திருக்கான்" என்பார். நல்ல மனுஷன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சேரி ஓர் உள்விளையாட்டு அரங்கத்தில், மதியம் மூன்று மணிக்கு. கூரையில் கூடைப்பந்து வலைகளை மடித்துக் கட்டியிருந்தார்கள். நாலாயிரம் பேர் இருப்போம். மூன்று பாட்டு முடிந்தது. நான்காவதுக்கு இடி ஒரே ஒரு தட்டு தட்டினார். அந்த ஒரு தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அது நீளப்பாட்டு. அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஓடுகிற பதினேழு நிமிடப் பாட்டு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மேடையிலும் பாடியதில்லை. அது தன் தொண்டைக்கு ஆகாது என்று தொண்டையே பேட்டியில் கையை விரித்திருந்தார். அதைப் பாடுகிறார்கள். நான் இருக்கிறேன், மைக் இருக்கிறது, பேட்டரி நிறைந்திருக்கிறது. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சக் கூடாது என்பதால் அப்படியே வழியவிட்டேன்.

மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் நின்று நகம் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் வரும். நூல் மாதிரி மெல்லிசாக ஆரம்பிக்கும். நாலாயிரம் பேரும் யாரும் சொல்லாமலேயே அடங்கிப்போனார்கள். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தை நான் நேசித்தது அப்போதுதான்.

அப்போது என் முழங்கையை அத்தான் தொட்டார். இரண்டு முறை.

நான் திரும்பவில்லை.

"மாப்ளே" என்றார், காதோரம். "நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. வெளிய போலாமா?"

நான் "ஷ்ஷ்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி, "மாப்ளே..."

"ஷ்ஷ்ஷ்."

"சரி. நீ கேளு" என்றார். வழி விடச் சொல்லி யாரையோ கேட்டுக்கொண்டு, மெதுவாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போனார். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

அவர் போன இடத்தில் மூன்று நிமிடத்தில் ஒரு விசில்காரன் வந்து நின்றான். எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது. பாட்டு முடிந்தது. அதன்பிறகு இன்னும் ஏழு பாட்டு. கடைசிவரை நின்றேன்.

அவர் வெளியே குளிர்பானக் கடையை ஒட்டிய நடைபாதையில் விழுந்திருந்தார். ராக் கச்சேரியில் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறவனை யார் என்ன நினைப்பார்கள்? காவல்காரர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்து, காலை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் தரை துடைக்க வந்த அம்மா முகத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்களுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

அக்கா வந்து சேர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தேன். கை தானாக உள்பைக்குப் போயிற்று. ஹெட்ஃபோனை மாட்டி, பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஏறியிருந்தது. அவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் பதிவு செய்ததில்லை. சொல்லக் கூசுகிறது, ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

அக்கா வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்ட முதல் கேள்வி, "உன்கிட்ட என்னடா சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலக்கா. பாத்ரூம் போறாருன்னு நினைச்சேன்."

அந்தப் பொய்யை ஏழு வருடம் கட்டிக் காப்பாற்றினேன். அதனால் வந்த வினை நான் எதிர்பார்க்காதது. அக்காவின் கோபமெல்லாம் செத்தவர் மேல் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாப்பாடு போட்டபடியே அவரைத் திட்டுவாள். "பக்கத்துலயே நீ நிக்கற. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? அழுத்தக்காரன். என்னை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போகணும்னே வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கான்." அவர் போட்டோவை ஹாலில் இருந்து எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அதனால் அவள் அவரை வெறுப்பதே எனக்குச் சௌகரியமாக இருந்தது.

குழு அந்தக் கச்சேரிக்குப் பிறகு இரண்டு மாதத்தில் உடைந்தது. நீளப்பாட்டு மேடையில் பாடப்பட்டது அந்த ஒரே தடவைதான் என்று ஆயிற்று. அரங்கத்தில் இன்னொரு பதிவுக்காரனும் இருந்தான். தாடி என்று கூப்பிடுவோம். அவனுக்கு மூன்றாவது நிமிடத்தில் பேட்டரி போய்விட்டது. அந்த மூன்று நிமிடத்தை வெளியிட்டுவிட்டு ஊரெல்லாம் அவன் கொண்டாட்டம். முழுப்பாட்டும் என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். புளுகன் என்றார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுத்தேன். ஏழாவது வருடம் பொறுக்க முடியவில்லை.

வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். அத்தான் பேசிய இடம் பதினெட்டு நொடிதான். ஆனால் எங்கள் வட்டத்தில் பதிவில் கை வைத்தவனை யாரும் மதிக்க மாட்டார்கள். நகம் தனியாக வாசிக்கும் இடம் வேறு. ஒரு நொடி போனாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதோடு எங்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பதிவோடும் ஒரு தாள் போக வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, என்ன மைக், எங்கே நின்றான், கடைசியில் குறைகள். எந்த நிமிடத்தில் யார் இருமினார்கள், எங்கே ஒயர் உரசியது, எல்லாவற்றையும் பதிவு செய்தவனே ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். எழுதாமல் விட்டுப் பிறகு மாட்டினால் மானம் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினேன்:

"குறைகள்: நான்காம் பாட்டு, 3 நிமிடம் 12 நொடி முதல் 3 நிமிடம் 30 நொடி வரை இடப்பக்கச் சுவர் பேச்சு. பொறுத்துக்கொள்ளவும். 6 நிமிடம் 40 நொடி முதல் இடப்பக்கம் விசில்."

வெளியிட்டேன். புளுகன் என்றவனெல்லாம் காலில் விழாத குறை. தாடி நீளமாக எழுதியிருந்தான்: "பதினேழு நிமிடமும் பதிவு செய்தவரின் தலை ஓர் இம்மிகூட அசையவில்லை. என்ன கட்டுப்பாடு!" அதை நான் அச்சடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன்.

நான்கு மாதத்தில் குழுவின் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நான்கு பேரும் சமாதானமாகிவிட்டார்களாம். மறுபடி மேடை ஏறப்போகிறார்களாம். அதற்கு முன்னால் என் பதிவை இசைத்தட்டாகக் கொண்டுவருகிறார்கள், அட்டையில் என் பெயரோடு.

"ஒரு சின்ன விஷயம்" என்றார். "பக்கத்துல ஒருத்தர் பேசறது தெளிவா கேக்குது. யாருன்னு அடையாளம் தெரியற குரல் இருந்தா அவங்க கையெழுத்து வேணும்னு எங்க வக்கீல் சொல்றாரு. உங்க சுவர்னு எழுதியிருக்கீங்களே, யாரு அவரு?"

"இறந்துட்டாரு."

"அப்போ அவர் மனைவி கையெழுத்து போதும். இல்லேன்னா அந்தப் பதினெட்டு நொடிய எடுத்துடறோம். ஒண்ணும் பிரச்சனை இல்ல."

பிரச்சனை இல்லையாம். நகத்தின் நூல் நடுவில் அறுந்துவிடும், பிரச்சனை இல்லையாம். எடுக்க வேண்டாம், கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியதெல்லாம் அந்தப் பதினெட்டு நொடியில் கிதார் என்ன வாசித்தது என்பதுதான். அத்தான் என்ன பேசினார் என்பது நினைவுக்கே வரவில்லை. எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தை அக்காவிடம் நீட்டினேன்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரு ஃபார்மாலிட்டி. அவங்க மறுபடி பாடப்போறாங்க, அதுக்கு முன்னாடி அந்தக் கச்சேரிய தட்டா போடறாங்க. அதுல அத்தான் குரல் லேசா வருதாம். நீ கையெழுத்து போட்டா போதும்."

கை துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "குரலா? அவரு குரலா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் பின்பக்கம் ஊசி குத்தியிருந்த என் குறைத்தாளைப் புரட்டிவிட்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "இடப்பக்கச் சுவர் பேச்சு. பொறுத்துக்கொள்ளவும்." இரண்டு தடவை படித்தாள்.

"பேச்சுன்னு எழுதியிருக்க. ஒண்ணுமே சொல்லலன்ன."

"அது... சும்மா ஏதோ முணுமுணுத்தாரு. சரியா கேக்கல."

"எனக்குக் கேக்கணும்" என்றாள். "இங்க வேணாம், மேல் வீட்டுல குழந்தை கத்திக்கிட்டே இருக்கும். உன் கண்ணாடிப் பெட்டியில கேக்கறேன். அங்கதான் ஊசி விழுந்தாலும் கேக்கும்னு பீத்திக்குவியே."

கண்ணாடிப் பெட்டி என்று அவள் சொன்னது என் வேலை இடத்தை. ஒரு காது மருத்துவமனையில் காது பரிசோதிப்பவன் நான். சத்தம் புகாத சின்ன அறை, ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மெஷின் முன்னால். ஒவ்வொருவரிடமும் அதே பாட்டைப் பாடுவேன்: சத்தம் கேட்டதும் அமுக்குங்க, ரொம்ப மெதுவா இருந்தாலும் அமுக்குங்க, சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க. அமுக்கினால் என் பக்கம் பச்சை விளக்கு எரியும். அக்கா இரண்டு வருடம் முன்னால் காது அடைப்புக்காக அங்கே வந்திருக்கிறாள். எல்லாம் அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை, டாக்டர் சாப்பிடப் போன நேரம் வந்தாள். உள்ளே உட்கார்ந்து தானே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். நான் நீளப்பாட்டின் மூன்றாவது நிமிடத்திலிருந்து போட்டேன். கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாக அந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பழக்கத்தில் அமுக்கியிருக்கிறாள். அணையவில்லை. பட்டனை விடவே இல்லை.

மூன்று முறை போடச் சொன்னாள். பிறகு வெளியே வந்தாள். அழுதிருக்கவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்காரு" என்றாள்.

"அக்கா, அங்க எவ்ளோ சத்தம் தெரியுமா? எனக்கு நிஜமா..."

"உள்ள போய் உக்காரு."

"எதுக்கு?"

"போய் உக்காருடா."

போய் உட்கார்ந்தேன். அவள் சொன்னால் உட்கார்ந்தே பழக்கம். ஹெட்ஃபோனை அவளே என் தலையில் மாட்டினாள், சின்ன வயதில் குல்லா மாட்டிவிடுவது போல. பட்டனைக் கையில் திணித்தாள். கதவைச் சாத்தப் போனவள் நின்று, என் குரலிலேயே சொன்னாள்: "சத்தம் கேட்டதும் அமுக்குங்க. ரொம்ப மெதுவா இருந்தாலும் அமுக்குங்க. சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க."

முதலில் முழுச் சத்தத்தில் வந்தது. மாப்ளே, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. அமுக்கினேன். குமிழைக் குறைத்தாள். அமுக்கினேன். இன்னும் குறைத்தாள். அமுக்காமல் இருந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் நூற்றுக்கணக்கான பேரின் காதைப் பார்த்தவன், என்னுடையது போல ஒரு காதைப் பார்த்ததில்லை. அந்தப் பெருமை பொய் சொல்ல விடவில்லை. கிதார் கேட்காமல் போனபிறகும் அத்தான் கேட்டார். அமுக்கினேன். மெஷினில் இருக்கிற கடைசி அளவுக்குக் கொண்டுபோனாள். வெறும் மூச்சுதான் மிச்சம். அந்த மூச்சுக்கும் அமுக்கினேன்.

கதவைத் திறந்தாள். "காது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எதற்கென்று தெரியாமல் உண்மை ஒன்றைச் சொன்னேன். "பேசறதுக்கு முன்னாடி முழங்கையைத் தொட்டாருக்கா. ரெண்டு தடவை. அதுதான் ரூல்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "ஏழு வருஷமா அந்த மனுஷனை வாயில வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கேன். எதிர்ல உக்காந்து தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்திருக்க." அவ்வளவுதான் சொன்னாள். குறைத்தாளை என் மேஜையில் விரித்து என் பேனாவை எடுத்தாள். "இதுல ஒண்ணு விட்டுப்போச்சே. அவரு பேசினதை எழுதிட்ட, உன்னோடத எழுதல." என் எழுத்துக்குக் கீழேயே எழுதினாள்: "3 நிமிடம் 19 நொடி, 3 நிமிடம் 25 நொடி: பதிவு செய்தவர் 'ஷ்ஷ்' என்கிறார்." பிறகு சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். "இந்த வரியோட அப்படியே அச்சுல வரணும். வந்தாத்தான் இந்தக் கையெழுத்து செல்லும்."

காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "மறுபடி பாடப்போறாங்கன்னியே. எனக்கும் ஒரு டிக்கெட் எடு. இடப்பக்கம் நான் நிக்கறேன்."

மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு மரமண்டை நான்.

தட்டு வந்தது. அட்டையின் உள்பக்கம் என் தாள் அப்படியே, அக்காவின் எழுத்தோடு. அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? ரசிகர்கள் கூடித் தட்டு கேட்கிற இடங்களில், அந்தப் பத்தொன்பதாவது நொடி வந்ததும் எல்லாரும் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்று ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிரிப்பார்கள். பிறகு இருபத்தைந்தாவது நொடிக்கு இன்னொரு "ஷ்ஷ்ஷ்". ஒருவன் அதை அச்சடித்த பனியன் போட்டுக்கொண்டு என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டான். நடுவில் பேசுகிற ஆள் செத்துப்போனது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்திருப்பார்கள். என் இனம்தானே, எனக்குத் தெரியாதா?

மறுவரவுக் கச்சேரி ஒரு திறந்த மைதானத்தில். வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அக்கா அத்தானுடைய வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், தோள் இரண்டும் தொங்க. நான் விதிகளைச் சொல்ல வாய் எடுத்தபோது, "தெரியும்" என்று கைகளைப் பையில் விட்டுக்கொண்டாள். நேர் நடுவில், சவுண்டு மேஜைக்கு ஏழு அடி முன்னால் நின்றேன். மைக்கை ஓடவிட்டேன். பதிவு செய்யாமல் இருந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். பதிவு செய்யாமல் ஒரு கச்சேரியில் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியாது.

கடைசிக்கு முந்திய பாட்டாக நீளப்பாட்டு. இடியின் ஒரு தட்டு, நெஞ்சில் அந்தத் தள்ளு. எட்டு வருடமாகக் காத்திருந்த தள்ளு. எல்லாமே மறந்துபோயிற்று. மூன்றாவது நிமிடம் எல்லாம் நின்று நகம் நூலை எடுத்தார். ஏழு நொடி போயிருக்கும். ஒன்பதாயிரம் பேர் உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்."

நகம் மேடையில் சிரித்தார். வாசிப்பதை நிறுத்தவில்லை.

"ஷ்ஷ்ஷ்" என்றது மைதானம்.

அப்போது அக்கா என் முழங்கையைத் தொட்டாள். இரண்டு முறை.

அவளுக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வருகிறாள், பாட்டு முடிந்து கேட்கலாம் என்று நினைத்தேன். இன்னும் பதின்மூன்று நிமிடம்தான் என்று நினைத்தேன். இதெல்லாம் நினைத்தேன் என்பதே பொய். நகம் மூன்றாவது தந்தியை இழுக்கப் போகிறார், அது இந்தத் தடவை எப்படி வரும் என்றுதான் நினைத்தேன். நான் திரும்பவில்லை.

பாட்டு முடிந்து திரும்பியபோது அவள் இருந்த இடத்தில் வேறு எவனோ நின்று கை தட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். நடைபாதை, குளிர்பானக் கடை, சுவரோரம் சாய்ந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவரின் முகம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கச்சேரியைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் விட்டேன். ஏழாவது தடவை போன் செய்தபோது எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம்.

"அக்கா! என்னாச்சு? எங்க இருக்க?"

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டேன்."

"அக்கா, நான்..."

"சரி. நீ கேளு" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போனேன். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஹாலில் அத்தான் போட்டோ மாட்டியிருப்பது தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் போனேன். இப்போது போவதில்லை.

பதிவு நன்றாக வந்திருக்கிறது. தாள் எழுதும்போது குறைகள் என்ற இடத்தில் கூட்டத்தின் "ஷ்ஷ்" இரண்டையும் எழுதினேன். கடைசிப் பாட்டு இல்லை என்று எழுதினேன். இடப்பக்கம் எதுவும் இல்லை, அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலை ஓர் இம்மிகூட அசையவில்லை என்று தாடி மறுபடி எழுதியிருக்கிறான்.